சேலையூர் ஏரி மேல் ஒரு கீர்த்தனை

பக்கவாத்தியக்காரனிடம் யாரும் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பாடகர் வாயைத் திறந்த பிறகுதான் என்ன பாட்டு என்று வயலின்காரனுக்குத் தெரியும். தெரிந்த பாட்டாக இருந்தால் பிழைத்தான். தெரியாத பாட்டு என்றால் பாடகருக்கு அரை அடி பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தெரிந்தவன் மாதிரி தலையை வேறு ஆட்ட வேண்டும். தாம்பரத்தில் வயலின் பெட்டியோடு மின்சார ரயில் ஏறி இறங்கியே காலத்தை ஓட்டியவன் நான். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு விளக்கிப் பிரயோஜனமில்லை.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்துக்கு ஒரு பித்து வந்தது. அபூர்வப் பாட்டு. யாரும் கேள்விப்படாத வாக்கேயகாரர்களைத் தேடிப் பிடித்துப் பாடுவது. வாக்கேயகாரர் என்றால் பாட்டையும் மெட்டையும் தானே போட்டவர். பல்லாவரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில் அப்படி எத்தனை பேர் கிளம்பினார்கள் என்று கேட்காதீர்கள். கிளப்பினவர்களுக்குப் பேர் வந்தது. அடி எங்களுக்கு.

தெரிஞ்ச பாட்டு ஒண்ணு

குரோம்பேட்டையில் சேஷு என்று ஒரு பாடகர். நல்ல குரல், நல்ல மனுஷன், பித்து முற்றியவர். ராமநவமிப் பந்தலில் ஒரு கச்சேரி. நான் வயலின், மிருதங்கம் கோவிந்தராஜ். சேஷு பாடியதில் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒன்றுகூட யாரும் கேட்டதில்லை. எனக்கும் தெரியாது, கோவிந்தராஜுக்கும் தெரியாது. பந்தலில் தாளம் போட வந்த கைகள் எல்லாம் மடியிலேயே கிடந்தன. ஒரு பெரியவர் முதல் இரண்டு பாட்டுக்கும் பக்கத்தில் இருந்தவரிடம் “இது என்ன, இது என்ன” என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவதற்குக் கேட்பதையும் விட்டுவிட்டார்.

கச்சேரி முடிந்து பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவர் வந்தார். சேஷுவிடம் போகவில்லை, என்னிடம் வந்தார். அபிப்பிராயம் சொல்கிறவர்கள் எப்போதும் வயலின்காரனிடம்தான் வருவார்கள்.

“எல்லாம் நன்னாத்தான் இருந்தது. தெரிஞ்ச பாட்டு ஒண்ணாவது பாடியிருந்தா, அவர் நன்னாப் பாடினாரா இல்லையான்னு தெரிஞ்சிருக்கும்” என்றார்.

வலது காது

பித்து பரவின சேதி கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவசகாயம் வாத்தியார் என் வீட்டுக்கு வந்தார். சர்ச்சில் ஆராதனை முடிந்து நேரே வந்திருந்தார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே சின்ன வயதில் ஒரு நாகஸ்வரக்காரரிடம் முறையாகச் சங்கீதம் கற்றவர். நாற்காலியை இழுத்து, வலது கன்னம் என் பக்கம் வரும்படி போட்டு உட்கார்ந்தார்.

“இடது காது போயாச்சு சார். வலது காதும் கிளம்பிட்டிருக்கு. எப்பன்னு டாக்டர் சொல்ல மாட்டேங்கறார். அதுக்குள்ள என் பாட்டு ஒண்ணை மேடையில ஒரு தடவை கேக்கணும். நான் போட்டபடி. முழுசா. வெட்டாம.”

பாட்டு சேலையூர் ஏரியைப் பற்றியது. ‘யார் சொல்லி வந்தாய் மழையே’ என்று ஆரம்பம். மூன்று சரணம். முதலாவதில் மேகம் வருகிறது, இரண்டாவதில் காற்று அடிக்கிறது, மூன்றாவதில் மழை கொட்டுகிறது. இதில் ஒரு சங்கடம் உண்டு. எத்தனை சரணம் இருந்தாலும் மேடையில் கடைசிச் சரணத்தை மட்டும் பாடுவதுதான் வழக்கம். வாக்கேயகாரர் தன் முத்திரையை அதில்தான் வைத்திருப்பார். முத்திரை என்றால் கையெழுத்து மாதிரி. வாத்தியாருக்கும் அந்த வழக்கம் தெரியும். அதனால்தான் ‘வெட்டாம’ என்றார்.

எதற்கு மேடை என்று, பாட்டைக் கேட்டு வாங்கி அங்கேயே வயலினில் வாசித்துக் காட்டினேன். காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். தப்பு சொல்லவில்லை.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா வார்த்தை இல்லியே சார். பச்சப் பிள்ளை அழுத மாதிரி இருக்கு. என்ன வேணும்னு தெரியல” என்றார்.

பல்லாவரத்துக் கல்யாணம்

வாத்தியாருக்கு அதிர்ஷ்டம் ராகத்தில் இடித்தது. அவர் போட்டது வாகதீஸ்வரி. அதில் ரி தன் இடத்தை விட்டு மேலே ஏறி, அடுத்த ஸ்வரமான கவோடு உரசிக்கொண்டு நிற்கும். இப்படி உரசுகிற ராகங்களுக்கு விவாதி ராகம் என்று பெயர். பாடினால் தோஷம் என்று பாதிப் பேர் பயப்படுவார்கள். பயப்படாதவர்களும் பாடி முடித்ததும் சட்டென்று ஒரு மங்களகரமான ராகத்தைப் பாடிக் கழுவிவிடுவார்கள்.

சேஷு பயப்படாத ரகம். பாட்டை என்னிடமிருந்து கற்றுக்கொண்டார். பல்லாவரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் பாடுவதாகச் சொன்னார். வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பினேன். ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டும் வந்தது. சேஷு ஆரம்பித்தார், நான் தொடர்ந்தேன். இரண்டாம் வரியில் பார்த்தால், அவர் ரி கீழே நிற்கிறது, என் ரி மேலே நிற்கிறது. எதிரே பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கடைசி நிமிஷத்தில் மனுஷனுக்குப் பயம் வந்துவிட்டது. ரியை இறக்கிவிட்டார். இறக்கினால் அது ஹரிகாம்போதி. அதைச் சொல்லக்கூடாதா? சொல்லவில்லை. கண்ணால்கூடக் காட்டவில்லை. நாலு வரி நாங்கள் இருவரும் இரண்டு ராகத்தில் போனோம். பிறகு நானும் இறங்கினேன். வேறென்ன செய்ய?

பெண்ணின் மாமா மேடைக்குப் பக்கத்தில் குனிந்து பரிமாறுகிறவரிடம் சொன்னது மைக்கில் விழுந்தது.

“வயலின்காரருக்கு ஸ்ருதி சேரலை போலிருக்கு. பாவம், வெறும் வயிறோ என்னவோ, ஒரு காபி குடுங்கோ.”

பாகப்பிரிவினை

இது வாத்தியார் சம்பந்தப்பட்டதல்ல. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

பல்லாவரத்தில் ஒரு வீட்டில் பாட்டனார் போட்ட கீர்த்தனைகள் இருப்பதாகச் சேஷுவுக்குத் துப்புக் கிடைத்தது. என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பேரன் அறுபது வயது மனுஷர். நன்றாக வரவேற்றார். பாடியும் காட்டினார். உண்மையாகவே நல்ல பாட்டு. பல்லவி பாடினார், அனுபல்லவி பாடினார், நிறுத்தினார். மூச்சு வாங்குகிறார் என்று காத்திருந்தோம். அவர் மூச்செல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த பாட்டு ஆரம்பித்தார். அதுவும் அனுபல்லவியோடு நின்றது. அடுத்ததும் அப்படியே.

சேஷு மெள்ள, “சரணம்?” என்றார்.

அப்புறம்தான் விஷயம் வந்தது. தகப்பனார் பாடம் சொல்லும்போது அண்ணனான இவருக்குப் பாதியும் தம்பிக்குப் பாதியுமாகச் சொல்லியிருக்கிறார், இருவரும் என்றைக்கும் சேர்ந்தே பாடுவார்கள் என்ற நம்பிக்கையில். வீடு பாகம் பிரித்ததில் அண்ணன் தம்பிக்குப் பேச்சு நின்றுவிட்டது. பாட்டும் அங்கங்கே நின்றுவிட்டது. தம்பி பெருங்களத்தூரில் சரணங்களோடு இருக்கிறார்.

“அனுபல்லவி வரைக்கும்தான் ஸ்வாமி எங்காத்துது. மேல வேணும்னா பெருங்களத்தூர் பஸ்ஸைப் பிடியுங்கோ. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதேங்கோ” என்றார் அண்ணன்.

இருநூறு வருஷம்

கல்யாணத்தில் கேட்டது தன் பாட்டே இல்லை, பக்கத்து வீட்டுப் பாட்டு என்று வாத்தியார் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் விடை தப்பு என்கிற மாதிரி சொன்னார். அதற்குள் வலது காதும் மங்கி, அவரோடு பேச நாம் எழுந்து கிட்டே போக வேண்டியிருந்தது. சேஷுவுக்கு உறுத்திவிட்டது. நங்கநல்லூரில் ஒரு கச்சேரியில் சரியாகப் பாடிவிடுகிறேன் என்றார். ரியை இறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

ரியை இறக்கவில்லைதான். ஆனால் பாடுமுன் மைக்கில் சொன்னார்: “தஞ்சாவூர்ப் பக்கம் கிடைத்தது. இருநூறு வருஷப் பழமையான கிருதி. இயற்றியவர் பெயர் தெரியவில்லை.” நான் திரும்பி முறைத்தேன். தம்பூராவுக்குப் பின்னால் வாயை மறைத்துக்கொண்டு, “உயிரோட இருக்கார்னு சொன்னா எவன் சார் கேப்பான்?” என்றார். சொல்லிவிட்டுப் பல்லவியிலிருந்து நேராக மூன்றாம் சரணத்துக்குத் தாவினார். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். சேஷு கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

முன்வரிசையில் வாத்தியாருக்கு அடுத்த நாற்காலியில் ஒரு ரசிகர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாத்தியாரின் காதோரம் குனிந்து, “இந்தக் காலத்துல இப்படி எவனால எழுத முடியும்?” என்று கத்தினார். வாத்தியார் பொய் சொல்லத் தெரியாதவர். “நான்தான் எழுதினேன். போன மாசம்கூட ஒரு வரி மாத்தினேன். முதல் ரெண்டு சரணத்தை விட்டுட்டார். மேகமே வரல, மழை எப்படி வரும்?” என்றார்.

ரசிகர் அவரை மேலும் கீழும் பார்த்தார். முகம் அப்படியே இளகிவிட்டது.

“சரி, சரி. கூட யாராவது வந்திருக்காளா? தனியாவா பஸ்ஸில வந்தேள்?” என்று விசாரித்தார்.

மங்களம்

பித்து பாடகர்களோடு நிற்கவில்லை, பேச்சாளர்களுக்கும் தொற்றியது. பெருங்களத்தூரில் ஒரு கோயில் விழா. ஒருவர் புதிதாக ஒரு வாக்கேயகாரரைக் கண்டுபிடித்திருந்தார். முதலில் அவரைப் பற்றிச் சின்ன அறிமுகம், அப்புறம் அவர் பாட்டுக்கள் மட்டுமே கச்சேரி என்று ஏற்பாடு. நாங்கள் ஸ்ருதி சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். அறிமுகம் வாக்கேயகாரரின் கொள்ளுத்தாத்தாவிலிருந்து ஆரம்பித்தது. வாக்கேயகாரர் பிறப்பதற்கே வெகுநேரம் ஆயிற்று. அவருக்கு உபநயனம் ஆகும்போது என் வயலின் தந்தி இறங்கிவிட்டது. மறுபடி சேர்த்தேன். காசியாத்திரை போனார். மறுபடி இறங்கியது. அவர் சித்தி அடையும்போது சாமி புறப்பாட்டுக்கு மேளம் வந்துவிட்டது. மங்களம் மட்டும் பாடி எழுந்தோம்.

கோவிந்தராஜ் சைதாப்பேட்டை ஆள். மிருதங்கத்தை உறையில் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்:

“இன்னா சார் பேஜாரு இது. அந்தப் பெரியவரு அத்தினி பாட்டையும் கட்றதுக்கே இம்மாம் நேரம் ஆயிருக்காது.”

எந்தச் சாமி?

நங்கநல்லூருக்கு அப்புறம் வாத்தியார் என் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். வந்தாலும் பேச்சு குறைவு. வலது காதில் கத்தினால்தான் ஆச்சு, இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் ஆகாது என்று அவர் மகள் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. பாடகி கனகாவிடம் போனேன். டெலிபோன் ஆபீஸில் வேலை, குருவிடம் கற்றதை மாற்றாமல் பாடுகிற நல்ல பாடாந்தரம், பித்தெல்லாம் கிடையாது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு சபாவில் அந்த மாசம் அவள் கச்சேரி இருந்தது. பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று சரணம், ரி அதன் இடத்தில். “இதுல என்னண்ணா கஷ்டம்?” என்றாள்.

கஷ்டம் காரியதரிசி. அந்தச் சபாவில் என்ன பாடப்போகிறோம் என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

“இது எந்தச் சாமி மேல?” என்றார்.

“ஏரி மேல” என்றேன்.

“ஏரியில என்ன சாமி?”

“தண்ணி.”

“அதெப்படி ஓய், நம்ம மேடையில சாமி இல்லாம? வருணன்னு ஒரு வார்த்தை நடுவுல போட்டுடச் சொல்லும். ரசிகாளுக்கு ஒரு பிடிமானம் வேண்டாமா?”

வாத்தியாரிடம் போய் வலது காதில் கத்தினேன். இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது. வெகுநாளைக்கப்புறம் சிரித்தார்.

“எங்க கோயில் பாடகர் குழுவிலயும் இதேதான் கேட்டாங்க, ஆண்டவர் எந்தச் சரணத்துல வர்றார்னு. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நாள் ஏரியைப் பார்த்துட்டுப் போகட்டும் சார். வார்த்தையெல்லாம் போட முடியாது.”

லெவல்

பாட்டு அடிபட்டுவிட்டது. காரியதரிசி சொன்னால் சொன்னதுதான். கனகா தர்க்கம் பண்ணவில்லை. வாத்தியாரைச் சீக்கிரம் வரச்சொல்லுங்கள் என்று மட்டும் என்னிடம் சொன்னாள். எதற்கு, அவர் பாட்டுத்தான் இல்லையே என்றேன். “வரச்சொல்லுங்கோண்ணா” என்றாள். அவர் எப்படியும் சீக்கிரம்தான் வருவார். ஒலிபெருக்கி ஓரத்து நாற்காலியை வேறு யாரும் பிடித்துவிடக்கூடாது.

வெயில் தாழாத நேரம். பள்ளிக்கூட ஹால். நாற்காலிகள் போட்டிருந்தன, ஆள் இல்லை. காரியதரிசி பின்னால் கேன்டீனில் போண்டாவை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். மைக் செட் மாணிக்கம் ஒயரை இழுத்துக்கொண்டு, “அக்கா, ஏதாச்சும் நாலு வரி பாடு. லெவல் பாக்கணும்” என்றான். மைக் டெஸ்ட்டுக்கு யாரும் முழுப்பாட்டுப் பாடுவதில்லை. ஸ, ப, ஸ என்று மூன்று ஸ்வரம், போதும் என்று கை காட்டுவார்கள். கனகா தம்பூராவைப் பார்த்து, கோவிந்தராஜைப் பார்த்து, அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“மைக் டெஸ்ட்டுக்கு எந்தச் சாமின்னு யாரும் கேக்க மாட்டா” என்றாள். ‘யார் சொல்லி வந்தாய்’ என்று எடுத்தாள்.

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் வரிக்கு அசையவில்லை. கேட்கவில்லையோ என்று மாணிக்கத்திடம் கண் காட்டினேன். அவன் பெட்டியைத் திருகினான். வாத்தியார் நிமிர்ந்தார். நாற்காலியை இழுத்து ஒலிபெருக்கியை ஒட்டிப் போட்டு, வலது காதை அதில் கிட்டத்தட்டச் சாய்த்துவிட்டார். கை துடையில் தாளம் போட ஆரம்பித்தது. ரி அதன் இடத்தில் நின்றது. மேகம் வந்தது. காற்று வந்தது. காற்றின் நடுவில் காரியதரிசி கையில் போண்டாவோடு ஓடிவந்தார்.

“என்னய்யா இது, மைக் டெஸ்ட்டா கச்சேரியா?”

மாணிக்கம் திரும்பக்கூட இல்லை. “லெவல் இன்னும் சரியா வர்ல சார். நட்டுகினு நிக்காம அப்படி ஓரமா போ சார், மைக்கு எரையுது” என்றான். காரியதரிசிக்கு லெவல் என்றால் என்னவென்று தெரியாது. ஓரமாகப் போய் நின்றார். மூன்றாம் சரணம் கொட்டி முடிந்தது. முத்திரையும் வந்தது. கடைசியாகப் பல்லவிக்குத் திரும்பி நிறுத்தினோம். கைதட்ட ஹாலில் யாருமில்லை. காரியதரிசி கையில் போண்டா இருந்தது.

வாத்தியார் எழுந்து மேடைக்குக் கிட்டே வந்தார். கும்பிடப்போகிறார் என்று நினைத்தேன். “ரெண்டாம் சரணத்துல மூச்சு ஒரு வார்த்தை முன்னாடியே விட்டுட்டீங்கம்மா. மத்தபடி சரி” என்றார். கனகா சரி என்று தலையாட்டினாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். நான் வில்லைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வலது காதில் கத்தினேன்: கச்சேரி இனிமேல்தானே சார், எங்கே போகிறீர்கள்?

“நான் கேட்டாச்சு” என்றார்.

பெரிய பெரிய சபாக்களில் பெரிய பெரிய பாடகர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பாட்டைப் போட்டவன் போட்டபடி கடைசி வரை வாசித்தது அன்றைக்கு மைக் டெஸ்ட்டில்தான்.